நாரையின் காற்றழுத்தக் கணக்கும் பலாப்பழ வரிசையும்

ஒரு காட்டில் ஒரு நாரை அரசு வேலையில் இருந்தாள். பெயர் அம்சவேணி. காட்டின் பருவநிலை ஆராய்ச்சி நிலையத்தில் பழைய காற்றழுத்த அளவுகளைத் தேடிப் பிடித்துத் தொகுக்கும் பிரிவு ஒன்று இருந்தது. அந்தப் பிரிவு முழுக்க அவள்தான்.

காட்டுக்குக் காற்றழுத்தமானி வந்தது பெரிய கதையில்லை. எந்தக் காலத்திலோ நிலம் அளக்க வந்த மனிதர்கள், கொண்டுவந்த கருவிகளில் இரண்டை மறந்துவிட்டுப் போனார்கள். கண்ணாடிக் குழாய், உள்ளே பாதரசம். காற்றின் அழுத்தம் கூடினால் பாதரசம் ஏறும்; குறைந்தால் இறங்கும். ஒன்று பாறைமேட்டில் கரடிக் குடும்பத்துக்குக் கிடைத்தது. மற்றொன்று ஆற்றங்கரையில் காட்டுப்பன்றிக் குடும்பத்துக்கு. அன்றிலிருந்து இரண்டு குடும்பமும் தினமும் பார்த்து எழுதிவந்தன. ஏன் எழுதுகிறோம் என்று இரண்டுக்கும் தெரியாது. எழுதாமல் இருந்தால் கேள்வி வருமோ என்ற பயம் மட்டும் இருந்தது.

இதையெல்லாம் ஒன்றுசேர்த்தால் முன்பு வந்த புயல்கள் எப்படி வந்தன, இனி எப்படி வரும் என்று கண்டுபிடிக்கலாம் என்பது அம்சவேணியின் நம்பிக்கை. ஆகவே அவள் முதலில் பாறைமேட்டுக்குப் போனாள்.

கரடி பொன்னுரங்கம் வாசலுக்கு வந்து வரவேற்றார். அவர் கொடுத்த ஏடுகள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தன. ஒரு நாள்கூட விடுபடவில்லை. ஓர் அடித்தல் இல்லை. வெயில் காலம், மழைக் காலம், பனிக் காலம் எல்லாவற்றிலும் ஒரே எண்.

"ஐயா, இது எப்படி மாறாமலே இருக்கு?" என்று கேட்டாள் நாரை.

கரடி அவளை உள்ளே கூட்டிப்போய்க் கருவியைக் காட்டினார். குழாய் உடைந்து பாதி இல்லை. பாதரசம் எப்போதோ ஓடிப்போயிருந்தது.

"தாத்தா காலத்துலயே உடைஞ்சிடுச்சும்மா. வேற கேட்டு எழுதிப் போட்டார். பதில் வரலை. பதில் வர்ற வரைக்கும் சும்மா இருக்க முடியுமா? கடைசியா பார்த்த எண்ணையே எழுதிட்டிருந்தார். அப்புறம் அப்பா எழுதினார். இப்ப நான்."

அடுத்து ஆற்றங்கரை. காட்டுப்பன்றி வள்ளிக்கண்ணு குட்டிகளுக்குப் பால் கொடுத்தபடியே ஏடுகளைக் காலால் தள்ளிவிட்டாள். எல்லாம் சேறு. எண்கள் ஏறி இறங்கின. சில நாட்களில் எண்ணே இல்லை. "காய்ச்சல்" என்றும், "யானை மறைத்துக்கொண்டு நிற்கிறது" என்றும் எழுதியிருந்தது. வெகு காலத்துக்கு முந்தைய ஒரு பக்கத்தில் அளவு மளமளவென்று சரிந்துகொண்டே போய், கடைசியில், "மரத்தைக் காணோம். வீட்டைக் காணோம்" என்று முடிந்திருந்தது.

அம்சவேணிக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நல்ல தரவை அவள் பார்த்ததே இல்லை.

நிலையத்தின் தலைவர் மயில் தாண்டவராயன். தொகுப்பை விரித்ததும் அவர் தோகையும் விரிந்தது.

"கரடி எழுதினதைப் பாரும்மா. என்ன ஒழுங்கு. அந்தப் பன்றி எழுதினது குரங்கு மாதிரி குதிக்குது. கரடிக்கு ஒரு பதக்கம் கொடுத்துடலாம்."

"ஐயா, கரடி வீட்டுக் கருவி உடைஞ்சு கிடக்கு."

"எழுத்துல இருக்கா?"

இல்லை. கரடிக்குப் பதக்கம் கொடுக்கப்பட்டது.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் காலை வள்ளிக்கண்ணு மூச்சிரைக்க வந்தாள். "அக்கா, பாதரசம் இறங்குது. விடிஞ்சதுலேருந்து நிக்கவே இல்லை."

அம்சவேணி தொகுப்பைப் பிரித்துப் பழைய பக்கத்தோடு ஒப்பிட்டாள். அதே சரிவு, அதே வேகம். மரத்தையும் வீட்டையும் காணாமல் போக்கிய அந்த நாளேதான் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவள் மயிலிடம் பறந்தாள்.

மயில் பதறவில்லை. "ஒரு பக்கம் இறங்குது. இன்னொரு பக்கம் நூலளவும் மாறலை. ரெண்டையும் கூட்டிச் சராசரி எடு." எடுத்தாள். மயில் எட்டிப் பார்த்துவிட்டு, "லேசான தூறல்" என்றார்.

நாரை பாறைமேட்டுக்கு ஓடினாள். கருவி உடைந்ததைக் கரடி எழுதிக் கொடுத்தால் போதும். கரடி நெஞ்சில் தொங்கிய பதக்கத்தைத் தடவிக்கொண்டார்.

"மூணு தலைமுறை எண்ணும்மா. அதை மாத்த எனக்கு மனசு வரலை."

சொல்லிக்கொண்டே அவர் தேன் சட்டிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"அப்புறம் இது என்னங்கய்யா?"

"உச்சிமலைக்குப் போறேன். எண்ணுதான் மாறக்கூடாது. நான் இடம் மாறலாமில்ல?"

வேறு வழியில்லாமல் அம்சவேணி நேராக ஆற்றங்கரைக்குப் போய், கூடியிருந்த மிருகங்களிடம் சொன்னாள். "காற்றழுத்தம் ரொம்பக் குறைஞ்சிட்டு வருது. எல்லாரும் மலைமேல ஏறிடுங்க."

"குறைஞ்சா நல்லதுதானே?" என்றது ஒரு மான். "எனக்கும் அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லித்தான் வைத்தியர் மாத்திரை கொடுத்திருக்கார்."

"அது ரத்த அழுத்தம். இது காத்து."

"காத்துக்குமா மாத்திரை?" என்று கேட்டது முயல்.

அம்சவேணி தொகுப்பை விரித்துக் காட்டினாள். மரத்தையும் வீட்டையும் ஆறு அடித்துக்கொண்டு போன பழைய புயலைச் சொன்னாள். ஒரு குரங்கு கொட்டாவி விட்டது. வள்ளிக்கண்ணுவும் குட்டிகளும் மட்டும் மலையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். வானம் ஈயப் பாத்திரம்போல் ஆகிவிட்டது. குட்டி மான்கள் தண்ணீர் ஓரத்தில் விளையாடிக்கொண்டிருந்தன.

வாழ்நாள் முழுதும் பொய் எண்களை நீக்குவதையே வேலையாகக் கொண்டிருந்த அம்சவேணி தொகுப்பை மூடினாள். பிறகு சொன்னாள்.

"உச்சிமலையில இலவசமா பலாப்பழம் கொடுக்கிறாங்க. தலைக்கு ஒண்ணு. டோக்கன் இன்னிக்கு மட்டும்தான்."

மான் மாத்திரையை மறந்தது. குரங்கு பாதிக் கொட்டாவியில் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் காடே மலையேறி வரிசையில் நின்றது. அணில்கள் கல்லை வைத்து இடம் பிடித்தன. நடக்க முடியாத ஆமையை, அது தன் பழத்தில் பாதி தருவதாகச் சொன்னதும், யானை தூக்கி வந்தது. மயில் தாண்டவராயன் தோகையைச் சுருட்டிக்கொண்டு வந்து, அதிகாரிகளுக்குத் தனி வரிசை உண்டா என்று விசாரித்தார்.

மதியம் புயல் அடித்தது. ஆறு கரையைத் தாண்டி, புதர்களைத் தாண்டி, நிலையத்தின் கூரையையும் தாண்டி ஓடியது. கீழே ஒரு கூடும் மிஞ்சவில்லை. மேலே ஒரு உயிரும் போகவில்லை. மழையில் நனைந்தபடி எல்லாரும் வரிசையைக் கலைக்காமல் நின்றார்கள்.

வெள்ளம் வடிந்ததும் புகார்கள் வந்தன. பழம் கிடைக்கவில்லை என்பதுதான் புகார். வீடு போனதற்கு நிவாரணம் கேட்டவர்களிடம் மயில் சராசரியைக் காட்டி, அன்றைக்குப் புயலே அடிக்கவில்லை, தூறல்தான் என்று விளக்கினார். அம்சவேணியை மட்டும் விசாரணைக்குக் கூப்பிட்டார்.

"நிலையத்தோட பேர்ல பொய்த் தகவல் பரப்பினியா?"

"பரப்பினேன் ஐயா."

அவள் தயங்காமல் ஒப்புக்கொண்டதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். சொன்ன பழத்தை அவளே ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

அம்சவேணி மரம் மரமாக அலைந்தாள். அவள் காம்பைக் கொத்திப் பழத்தைத் தள்ளுவாள். வள்ளிக்கண்ணு மூக்கால் உருட்டிக்கொண்டு போவாள். மழைக்காலம் முடிந்து, அடுத்த பலாக் காலமும் முடியும் தறுவாயில்தான் கடைசி முயலுக்குக் கொடுத்து முடித்தார்கள்.

காட்டில் அவள் பெயர் ஓங்கிவிட்டது. "சொன்னா சொன்னபடி செய்யறவ" என்று எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள். உயிர் காத்ததற்கும் யாராவது நன்றி சொல்வார்கள் என்று அவள் ஒருநாள் மெல்ல அந்தப் புயலைப் பற்றிப் பேச்செடுத்துப் பார்த்தாள்.

"எந்தப் புயல்?" என்று கேட்டது மான், சுளையை மென்றுகொண்டே.

நீதி: காற்றழுத்தம் குறைகிறது என்று ஊரை எச்சரிக்க விரும்புவோர், முதலில் பலாப்பழத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ளவும்.