பத்தொன்பதரை அடிப் பாலம்

நெடுஞ்சாலைத் துறை எவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதை அளந்தே தீர்வது என்று மாநிலச் சட்டமன்றம் முடிவெடுத்தபோது, எதிர்த்து ஒருவர்கூட கை தூக்கவில்லை. அளப்பதை யார்தான் எதிர்ப்பார்கள்? சட்டம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. ஓராண்டுக்குள் துறையின் அறிக்கையில் 'மோசமான பாலங்கள்' என்ற கட்டத்தில் பூஜ்யம் இருக்க வேண்டும். பாலங்களைப் பழுதுபார்க்க வேண்டும் என்று மட்டும் அதில் எங்கேயும் எழுதவில்லை.

வெர்னா லிண்ட்க்விஸ்ட் இதைப் பேப்பரில் படித்துவிட்டு உண்மையிலேயே சந்தோஷப்பட்டாள். அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஊரின் தன்னார்வ ஆம்புலன்ஸ் குழுவுக்குத் தலைவி. வீடு ஓடைக்கு அக்கரையில். அந்தப் பக்கம் இருந்ததே அந்த ஒரு வீடுதான். புருஷன் ஓரினுக்கு ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு வந்திருக்கிறது. பாலம் வழியாக ஆம்புலன்ஸ் வர ஒன்பது நிமிடம்; பாலம் இல்லையென்றால் சுற்றுவழியில் நாற்பத்தேழு. பாலமோ, பஸ் ஏறினாலே முனகும்.

அக்டோபரில் துறையின் பொறியாளர் கர்ட் பிரெஸ்லர் வந்தார். கூடவே இரண்டு லாரி நிறையப் பாறை.

"சட்டப்படி இருபது அடிக்கு மேல இடைவெளி இருந்தாத்தான் அது பாலம்," என்றார். "இது இருபத்துமூணு. ரெண்டு கரையிலயும் பாறையக் கொட்டினா பத்தொன்பதரை ஆயிடும். அப்புறம் இது வெறும் மதகு."

"பலகை எல்லாம் இத்துப்போய்க் கிடக்கே, கர்ட்?"

"மதகு பட்டியல்லயே கிடையாதுங்க. பட்டியல்ல இல்லாதது எப்படி மோசமாகும்?"

"பஸ் உள்ள விழுந்தா?"

கர்ட் கொஞ்சம் யோசித்தார். அவர் நல்ல மனிதர். "அது போலீஸ்காரங்களோட அளவுகோல்," என்றார்.

அடுத்த வாரமே திறப்புவிழா. எதைத் திறக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஆளுயர மரக் கத்தரிக்கோலால் செனட்டர் ரேண்டல் ட்வீட் நீல ரிப்பனை வெட்டினார். தேவாலயத்துப் பெண்கள் சீஸ் போட்டுச் சுட்டுக் கொண்டுவந்த உருளைக்கிழங்குக் கேசரோலை எல்லாரும் இரண்டு தட்டு சாப்பிட்டார்கள். வெர்னாவும்தான்.

மார்ச்சில் பனி உருகியது. இருபத்துமூன்று அடியில் போய்ப் பழகிய தண்ணீர் பத்தொன்பதரைக்குள் அடங்க மறுத்தது. தண்ணீருக்குச் சட்டம் தெரியாது. மதகு, பாறை, ரிப்பனின் மிச்சம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது.

வெர்னா தலைநகருக்குப் போனாள். பொது விசாரணையில் ஒருவருக்கு இரண்டு நிமிடம். முடிந்தால் சிவப்பு விளக்கு எரியும். கர்ட்டின் மேலதிகாரி அம்மாள் திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். வெர்னாவின் சாலை பச்சைப் பசேல் என்றிருந்தது.

"ரெண்டு மாசமா ஒரு விபத்து இல்ல, நெரிசல் இல்ல, புதுக் குழி இல்ல. மாநிலத்துலயே எங்க சிறந்த சாலை அதுதாங்க."

"அதுல யாருமே போகலைங்க!"

"அதைத்தாங்க நாங்களும் சொல்றோம்."

"என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தா ஆம்புலன்ஸ் வர நாற்பத்தேழு நிமிஷம்..."

சிவப்பு விளக்கு எரிந்தது. ஆனால் செனட்டர் ட்வீட்டின் கண் கலங்கிவிட்டது. "நாற்பத்தேழு நிமிஷமா! இத இத்தன நாளா ஒருத்தரும் அளக்கலையா?"

அளந்தார்கள். மே மாதமே புதுச் சட்டம் வந்தது. ஆம்புலன்ஸ் தன் எல்லைக்குள் எந்த வீட்டுக்கும் பன்னிரண்டு நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ஒரே ஒரு வீட்டுக்கு நேரம் தாண்டினாலும் குழுவின் உரிமம் ரத்து. அதற்கும் எதிர்ப்பில்லை.

தீயணைப்பு நிலையத்தில் குழு கூடியது. செயலாளர் பானி, வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு வெர்னாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"ஓடைய எல்லையா வச்சுக்கிட்டா நமக்கு நூத்துக்கு நூறு. வைக்கலைன்னா வண்டியப் பிடுங்கிருவாங்க. ஊர்ல தொள்ளாயிரம் பேரு இருக்காங்க, வெர்னா. அந்தப் பக்கம் ஒரு வீடுதான்."

"அது என் வீடுடி."

"தெரியும். அதனாலதான் நீ இருக்கும்போதே கேக்கறோம். முதுகுக்குப் பின்னால செய்யலையே?"

தொள்ளாயிரம் பெரிதா, ஒன்று பெரிதா? வெர்னா பஸ்ஸில் பிள்ளைகளை எண்ணி ஏற்றி எண்ணி இறக்குகிறவள். அவளுக்குக் கணக்கு வரும். கைகள் எழுந்தன. எல்லாக் கைகளும்.

பானி கேக் கொண்டுவந்திருந்தாள். நடுவில் கிரீமில் பெரிய பச்சை வட்டம். மிச்சத்தை வெர்னாவிடம் கட்டிக் கொடுத்தாள். வெர்னா நாற்பத்தேழு நிமிடம் சுற்றி வீடு வந்து சேர்ந்து, ஓரினிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"இனிமே சட்டப்படி உனக்கு யாரும் லேட்டா வர முடியாது, ஓரின்."

ஓரின் கேக் பொட்டலத்தைப் பிரித்தான்.

"எதிர்த்து ஒருத்தர்கூட கை தூக்கலையா?"

வெர்னா பச்சை அதிகம் இருந்த துண்டாகப் பார்த்து அவனுக்கு வெட்டி வைத்தாள்.