மாப்பிள்ளை கார் வேகத்தடை தாண்டிய விதம்

முதலிபாளையம்,
ஞாயிறு மாலை.

கணியூர் மச்சான் மகுடேஸ்வரன் அவர்களுக்கு மாரப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் காதைத் தவிர மற்ற எல்லாம் நலம். மாப்பிள்ளை இன்னும் உங்கள் ஊர்ப் பக்கம் காரைக் கொண்டுவரவில்லை என்பதால் உங்கள் காதும் நலமாகவே இருக்கும். போனில் சொல்லலாம்தான். ஆனால் உங்கள் தங்கை போனைப் பிடுங்கி மாப்பிள்ளைக்கு வக்காலத்து வாங்குவாள் என்பதால் இந்தக் கடிதம்.

கல்யாணத்தில் நம் தரணிக்குக் கொடுத்த அந்தச் சின்ன வெள்ளைக் காரை, தங்கமான மனுசன் என்று நீங்கள் தேடிப்பிடித்துக் கொடுத்த மாப்பிள்ளை மோகன்ராஜ், ரேஸ் காராக மாற்றிக்கொண்டிருக்கிறார். முதல் வேலையாக சைலன்சரை மாற்றியிருக்கிறார். இன்று காலை கார் நம் பனியன் யூனிட் வாசலில் வந்து உறுமியதும், கம்ப்ரஸர் வெடித்துவிட்டது என்று வடநாட்டுத் தொழிலாளர்கள் மெயினை அணைத்துவிட்டு வெளியே ஓடிவிட்டார்கள். அடுத்து ஏர் ஃபில்டராம், அதற்கடுத்து இன்ஜினுக்குள் இருக்கும் கம்ப்யூட்டரையும் மாற்றி எழுதியாயிற்றாம், வேகம் கூடிவிட்டதாம். தாராபுரம் ரோட்டில் துணி மூட்டை ஏற்றிய டெம்போவுக்குப் பின்னால் அரை மணி நேரம் நிற்பதற்கு எதற்கய்யா இவ்வளவு வேகம்? பிரேக் என்னாயிற்று என்று ஜாடையாகக் கேட்டேன், அது கடைசியாகத்தான் மாற்றணுமாம். நாற்பது வருசம் நிட்டிங் மெஷினோடு மல்லுக்கட்டியவன் நான். ஊசி உடைந்தால் மெஷின் தானாக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் வேகத்தைக் கூட்டுவோம். படிக்காத எனக்குத் தெரிந்தது எம்.பி.ஏ. படித்தவருக்குத் தெரியவில்லை.

இதையும் பொறுத்துக்கொள்வேன் மச்சான். ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தரையோடு தரையாக இறக்கிவிட்டார் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. வேகத்தடை வந்தால் அடி தட்டுகிறது. அதனால் ஆறு மாதக் கர்ப்பிணி, நம் பிள்ளை, ஒவ்வொரு வேகத்தடைக்கும் இறங்கி நடந்து போய் அந்தப் பக்கம் ஏறிக்கொள்கிறாள். மடத்துக்குளத்தில் அவர்கள் வீட்டிலிருந்து இங்கே வருவதற்குள் பதினோரு தடவை. வழியில் ஒரு பெரியம்மா காரை மறித்து, "ஏங்கண்ணு, புள்ளத்தாச்சிய நடுரோட்டுல எறக்கி உடறீங்களே, சண்டையின்னா ஊட்டோட வெச்சுக்கக் கூடாதுங்களா?" என்று கேட்டிருக்கிறார். எனக்கு உயிரே போய்விட்டது. நானும் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். மாப்பிள்ளை முகத்தைப் பார்த்ததும், இன்னும் ரெண்டு இட்லி வெச்சுக்குங்க மாப்ளே என்றுதான் வந்தது. மாமனார் பிழைப்பு அப்படி. சம்பந்தம் பேசியவர் நீங்கள், உங்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை. அடுத்த மாதம் தரணியைப் பிரசவத்துக்கு அழைத்து வருவதற்குள் பழைய ஸ்பிரிங்கைப் போட்டு, பிரேக்கையும் மாற்றச் சொல்லி அவரை நன்றாக நாலு கேள்வி கேளுங்கள். என் பெயர் வர வேண்டாம்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. தோட்டமும் தென்னையும் செழித்து, எல்லோரும் நல்லா இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாரப்பன்.

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் தரணி வந்து கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். அத்தனையும் அவள் வேலையாம். எதற்குப் பிறகு எதை மாற்றுவது என்று பட்டியல் போட்டதே அவள்தானாம். மாப்பிள்ளை முதலில் பிரேக் என்றுதான் கெஞ்சினாராம், இவள் கேட்கவில்லை. அவருக்கு வேகத்தடையில் வண்டியைச் சாய்வாக ஏற்றத் தெரியாததால், அடியில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்துச் சொல்லத்தான் இறங்கினாளாம். எதற்கடி இதெல்லாம் என்றேன். "கல்யாணத்துக்கு முன்னால ஒரு நாளாச்சும் உங்க கார் சாவியத் தொட உட்டீங்களாப்பா?" என்றாள். மச்சான், மாப்பிள்ளையிடம் ஒன்றும் கேட்டுவிடாதீர்கள். பிரேக் நான் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பிரசவம் வரைக்கும் பழைய ஸ்பிரிங்கைப் போடவும் சம்மதித்துவிட்டாள். குழந்தை பிறந்த பிறகு இன்னும் ஓர் அங்குலம் இறக்குவாளாம்.