பதினோரு மணிப் பப்பாளி

"எனக்குப் பப்பாளி ஆகாது அண்ணாச்சி."

கோகிலவாணி சொன்னது இவ்வளவுதான். சொல்லிவிட்டு எவர்சில்வர் டம்ளரை மேசையின் அந்தப் பக்கமாகத் தள்ளி வைத்தாள். மாட்டுங்கா சிவனாண்டி அண்ட் கோ ஆபீஸே நிமிர்ந்து பார்த்தது. புளி மூட்டையில் சாய்ந்திருந்த கோடவுன் வானமாமலை நிமிர்ந்தார். பில் போட்டுக்கொண்டிருந்த விஜயலட்சுமி மாமி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"ஆகாதுன்னா?" என்றார் முதலாளி சிவனாண்டி அண்ணாச்சி.

"வாடை ஒத்துக்கிடாது."

அண்ணாச்சிக்கு முகம் விழுந்துவிட்டது. முப்பது வருடமாக மிளகாய் வத்தலும் புளியும் மொத்த வியாபாரம் செய்து பாதி பம்பாயின் வயிற்றைக் கெடுத்தவர், மூன்று மாதம் முன்பு செம்பூரில் 'ஹோலிஸ்டிக் ஹெல்த்' என்று மூன்று நாள் வகுப்புக்குப் போயிருந்தார். ஹோலிஸ்டிக் என்பது அவர் காதில் ஹோல்சேல் என்று விழுந்ததுதான் காரணம். பணம் கட்டிய பிறகு எழுந்து வர மனசில்லை. உட்கார்ந்து கேட்டார். ஞானம் வந்துவிட்டது.

"வயித்துக்குள்ள மூணு பேரு கடை போட்டிருக்கான், கேட்டுக்கோ. மாவுச்சத்துக்கு அமிலேஸ், கொழுப்புக்கு லிப்பேஸ், புரதத்துக்கு ப்ரோட்டியேஸ். நமக்கு வயசாக ஆக மூணு பேரும் மத்தியானமே ஷட்டரைப் போட்டுட்டுத் தூங்கிருதான். அவனுகளுக்குக் கையாள் வேணும்லா? அந்தக் கையாள்தான் பப்பாளி. பப்பெயின்னு ஒரு என்சைம் இருக்கு. ஆட்டுக்கறியையே கரைக்கும்!"

அன்றிலிருந்து தினமும் பதினோரு மணிக்கு ஆளுக்கொரு டம்ளர். பின்கட்டில் டீ போடும் ஹாஃபிஸா அடித்துக் கொண்டுவந்து வைப்பாள். நல்ல மஞ்சள் நிறம். வானமாமலையின் ஏப்பம் முன்பெல்லாம் கிங்ஸ் சர்க்கிள் சிக்னல் வரை கேட்கும். இப்போது கடைக்குள்ளேயே அடங்கிவிட்டது என்று அவரே சொன்னார். மாமிக்குக் காஸ் போயே போச்சு. சம்பளம் கொடுப்பவர் எதிரில் நின்று கேட்டால் யாருக்குத்தான் போகாது?

கோகிலவாணி மட்டும் இத்தனை நாளாக யாரும் பார்க்காதபோது டம்ளரைக் கழுவும் தொட்டியில் கவிழ்த்துவந்தாள். இந்தத் திங்கட்கிழமை அண்ணாச்சி எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லை, வாயைத் திறந்தாள்.

அவள் வாயைத் திறக்கக் கூடாத வாரம் அது. கோபர்கைரனேயில் அண்ணாச்சி என்சைம் கடை திறக்கிறார். பொடி, மாத்திரை, ஜூஸ் எல்லாம் அங்கே. மேனேஜர் வேலை கோகிலவாணிக்கு என்று பேச்சு. வெள்ளிக்கிழமை பூஜையில் சாவி. கடைக்கு மேலே மேனேஜர் குடியிருக்க இரண்டு அறை, அதற்குள்ளேயே கக்கூஸ்.

தாராவியில் மாமனார், மாமியார், புருஷன் என்று நாலு பேர் ஒற்றை அறைக் கோலியில். விடிந்தால் பொதுக் கக்கூஸ் வாசலில் டப்பாவோடு நாற்பது பேர் வரிசை. அண்ணாச்சிக்கு உள்ளே போவதைப் பற்றிக் கவலை. ஆறு வருடமாகக் கோகிலவாணிக்கு வெளியே போவதுதான் கவலை. கோபர்கைரனேயில் கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் தட்டாமல், அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பதாக அவளுக்குக் கனவே வந்திருக்கிறது.

பன்னிரண்டு மணிக்கு மாமி அவளைத் தொட்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஏண்டி, நாள் தள்ளிப் போயிருக்கா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல மாமி!"

மாமி திருப்தியாகத் தலையாட்டினாள். "சமத்து. மூணு மாசம் முடியறவரைக்கும் அப்படித்தான் சொல்லணும். கண் பட்டுடும்."

"நெசமாவே இல்ல மாமி."

"என் மாட்டுப்பொண் எட்டாம் மாசம் வரைக்கும் காஸ் ட்ரபிள்னே சொல்லிண்டிருந்தா. நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?"

"மாமி, வயிறு ஒரு மாதிரியா இருக்கு, பப்பாளின்னாலே குமட்டிக்கிட்டு வருது, அதுக்குத்தான்..."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. மாமியின் கண்ணில் தண்ணீர்.

செவ்வாய்க்கிழமை அவள் மேசையில் ஒரு தட்டு இருந்தது. கீற்றுக் கீற்றாக நறுக்கிய மாங்காய், மேலே உப்பும் மிளகாய்ப் பொடியும். யார் வைத்தது என்று யோசிக்கும் முன்பே மூன்று கீற்று உள்ளே போய்விட்டது. ஏப்ரல் மாத மாங்காயை வேண்டாம் என்று சொல்ல அவள் என்ன கல்லா? ஐந்தாவதைக் கடிக்கும்போது நிமிர்ந்தாள். மாமி, ஆபீஸின் அந்தக் கோடியில் இருந்த வானமாமலைக்கு ஐந்து விரலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

வானமாமலை வந்து அவள் நாற்காலியில் நாலு கோணிச்சாக்கை மடித்துப் போட்டார். "சாய்ஞ்சு உக்காரும்மா. இனிமே கோடவுன் பக்கம் வராத. வத்தல் நெடி ஆகாது."

"அண்ணே, நான் மாசமா இல்ல!"

"ஆமா ஆமா. நானும் யார்கிட்டயும் சொல்லல." வீட்டுக்காரி யாரோ ஒருத்தி அல்லவே என்ற தைரியத்தில் அன்றைக்கே அவளிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் சுனாபட்டி வரைக்கும் போன் போட்டாள்.

புதன்கிழமை அண்ணாச்சி கூப்பிட்டார். குரலில் வெல்லப்பாகு.

"தாயி, கோபர்கைரனே உனக்கு வேண்டாம்."

"என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லுதீக?"

"அங்க மாடிப்படி பதினெட்டு. ஒவ்வொண்ணும் செங்குத்தா நிக்கி. இந்த நிலைமையில உன்னை ஏறி இறங்க விட்டா அந்தப் பாவம் எனக்குல்லா? என் மச்சினன் ஜெயகணேஷ் பாத்துக்கிடுவான்."

ஜெயகணேஷ் மத்தியானம் பன்னிரண்டுக்கு முன்னால் கண்ணைத் திறந்தவனில்லை. கடை ஷட்டரை எங்கே திறப்பான்?

"அண்ணாச்சி, சாமி சத்தியமா நான் முழுகாம இல்ல!"

"ச்சீ, வாயும் வயிறுமா இருக்கையில சத்தியம் பண்ணாத."

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், வாசலில் புருஷன் சுடலைக்கண்ணன் அல்வாப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தான். ஒர்க்‌ஷாப் கிரீஸ்கூடக் கையில் காயவில்லை.

"ஏட்டி, சுனாபட்டிச் சித்திக்குத் தெரியுது. பக்கத்து கோலி பாபிக்குத் தெரியுது. எனக்குத்தான் தெரியல. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"இல்லாததை எப்படிங்க சொல்ல?"

"மூணு மாசம் ஆகட்டும்னு பாக்கியோ?"

அவள் அல்வாவை வாங்கித் தின்றாள். அழுவதற்கும் தெம்பு வேண்டுமே.

வியாழக்கிழமை விடிகாலை ஓர் அதிசயம் நடந்தது. கக்கூஸ் வரிசையில் முப்பத்தெட்டாவதாக நின்றிருந்தவளைப் பெண்கள் கையைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். "அரே, அவளை விடுங்கடி! ரெண்டு உசுரு!" ஆறு வருடத்தில் முதல் தடவையாகக் காத்திருக்காமல் கதவைச் சாத்தினாள். உள்ளே உட்கார்ந்தபோது, இப்படியே மாசமாக இருந்துவிட்டால்தான் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் பத்தாம் மாதம் கையில் எதைக் காட்டுவது?

நேரே சயானில் ஒரு கிளினிக்குக்குப் போனாள். டெஸ்ட் எடுத்தாள். சீட்டை வாங்கிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக வந்து அண்ணாச்சியின் மேசையில் அடித்து வைத்தாள்.

"பாருங்க அண்ணாச்சி. டாக்டரே எழுதிக் குடுத்திருக்காக. நெகட்டிவ்!"

அண்ணாச்சி சீட்டைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். மற்ற இங்கிலீஷ் எல்லாம் எறும்பாக ஊர்ந்தது. அந்த ஒரு வார்த்தை மட்டும் பிடிபட்டது. முகம் கறுத்துவிட்டது.

"நெகட்டிவா? அடப் பாவமே!"

"ஆமா அண்ணாச்சி!"

"பயப்படாத தாயி. எங்க அக்காளுக்கும் நெகட்டிவ் ரத்தந்தான். ஊசி ஒண்ணு உண்டு, போட்டா ஒண்ணும் செய்யாது. வே வானமாமலை! இந்தப் பிள்ளைக்கு நெகட்டிவாம்வே! உம்மது என்ன குரூப்பு?"

"ஓ பாசிட்டிவ் அண்ணாச்சி."

"நீரு பிரயோசனமில்ல. நம்ம கோடவுன் பயலுகள்ல யாருக்கு நெகட்டிவ்னு ஒரு லிஸ்ட் எடும்."

அரை மணி நேரத்தில் மூட்டை தூக்குபவர்கள் இரண்டு பேர், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அவள் மேசை முன்னால் வந்து நின்றார்கள். எப்போது கூப்பிட்டாலும் ரத்தம் தரத் தயாராம். கோகிலவாணி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். மயக்கம் என்று நினைத்து மாமி விசிறினாள்.

இரவெல்லாம் யோசித்ததில் ஒன்று மட்டும் தெளிவானது. வாயால் இல்லை என்றால் இருக்கிறது என்கிறார்கள். காகிதத்தில் இல்லை என்றால் ஊசி போடு என்கிறார்கள். வேண்டாம் என்ற வாயால் பப்பாளியைக் குடித்துக் காட்டுவதுதான் ஒரே வழி. மாசமாக இருப்பவள் எவளாவது பப்பாளியைத் தொடுவாளா?

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. சாமி படத்துக்கு மாலை போட்டாகிவிட்டது. தட்டில் தேங்காய், பழம், நடுவில் கோபர்கைரனே சாவிக்கொத்து. ஜெயகணேஷ் தலைக்கு எண்ணெய் வைத்து, பாதிக் கண் திறந்து நின்றான். ஹாஃபிஸா டம்ளர்களை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள்.

"எல்லாரும் பாத்துக்கிடுங்க," என்றாள் கோகிலவாணி.

தன் டம்ளரை எடுத்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் கவிழ்த்தாள். எண்ணியிருந்த அளவுக்கு மோசமில்லை. லேசாகச் சாம்பார் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். தைரியம் வந்துவிட்டது. மாமியின் டம்ளரையும் எடுத்துக் குடித்தாள். வானமாமலையின் டம்ளரையும் விடவில்லை. மூன்றையும் வரிசையாகக் கவிழ்த்து வைத்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு வெற்றிப் பார்வை பார்த்தாள்.



"அடிப்பாவி!" என்று மாமி வீறிட்டாள். "மூணு டம்ளர்! அதுவும் வெள்ளிக்கிழமை! பெத்தவ செய்யற காரியமாடி இது?"

"மாமி, மாசமா இருந்தா குடிப்பனா? அதைக் காட்டத்தான்..."

"வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாளே அண்ணாச்சி!" வானமாமலை தலையில் அடித்துக்கொண்டார். "நாம வேலையைப் பிடுங்கினோம். அது வயித்துல இருக்கிறதைப் பிடுங்குது!"

சிவனாண்டி அண்ணாச்சி ஆடிப்போய்விட்டார். வாழ்க்கையில் எத்தனையோ பேரம் பார்த்தவர். மூட்டை மேல் ஏறி நின்று அழுதவனிடம்கூடக் கால் ரூபாய் இறங்காதவர். இப்படி ஒரு பேரத்தை அவர் பார்த்ததில்லை. தட்டிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் திணித்தார்.

"இந்தா தாயி! கோபர்கைரனே உனக்குத்தான்! மாடிப்படிக்கு நான் லிப்ட்டே வெச்சுத் தாரேன்! ஒரு சாவிக்காக இப்படியா பண்ணுவ? ஏல ஜெயகணேஷ், நீ போய்த் தூங்கு!"

ஜெயகணேஷுக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது.

கோகிலவாணி சாவியைப் பார்த்தாள். ஐந்து சாவி. அதில் சின்னது எந்தக் கதவுக்கு என்று அவளுக்குச் சொல்லாமலே தெரிந்தது. இறுக்கி மூடிக்கொண்டாள். இனி யார் என்ன நினைத்தால் என்ன?

ஆனால் அவர்கள் நினைப்பதோடு நிறுத்தவில்லை.

"டெம்போவை எடும்வே வானமாமலை! ஆஸ்பத்திரிக்கு விடும்! அந்தப் பப்பெயின் கறியையே கரைக்கும், பிஞ்சுப் பிள்ளை எம்மாத்திரம்? உடனே வயித்தைக் கழுவணும்!"

"அண்ணாச்சி, எனக்கு ஒண்ணுமில்ல! விடுங்க!"

ரத்தம் தர வந்த இரண்டு பேரும் அவளை நாற்காலியோடு தூக்கினார்கள். கோணிச்சாக்கு நாலும் கூடவே போயின. மாமி பின்னாலேயே, தெரிந்த சுலோகம் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். வாசல் வரை போய்விட்டார்கள்.

அங்கே, இரண்டு கையையும் விரித்து வழியை மறித்துக்கொண்டு ஹாஃபிஸா நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

"தள்ளு ஹாஃபிஸா! ஒரு உசுரு போகுது, பாக்கியா இல்லியா?"

"ஒண்ணும் போகாது அண்ணாச்சி, பிள்ளையை இறக்கச் சொல்லுங்க," என்றாள் ஹாஃபிஸா. "நீங்க பேரம் பேசிக் குடுக்கிற அம்பது ரூவாய்க்குப் பப்பாளித் தோலுகூட வராது, மூணு மாசமா நான் அடிச்சுக் குடுக்கிறது மஞ்சப் பூசணிக்கா."