ஓரகத்தி காரும் ஒரு காக்காய் எச்சமும்

பொறாமைக்கு வயிற்றெரிச்சல் என்று பெயர் வைத்தவருக்குக் கட்டாயம் ஒரு ஓரகத்தி இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எரிகிற இடத்தை இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க முடியாது.

எனக்கு எரிந்தது, என் கொழுந்தன் மனைவி சுதா புதுக் கார் வாங்கிய அன்றைக்கு. வெள்ளையோ சாம்பலோ என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். மயில்கழுத்து நிறம். அந்த நிறத்தில் ஒரு பட்டுப்புடவையை தி.நகரில் எடுத்து, தோளில் போட்டுப் பார்த்து, விலைச்சீட்டையும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தவள் நான். அவள் அந்த நிறத்தில் காரே வாங்கிவிட்டாள். கூரையில் கண்ணாடி வேறு. பட்டனைத் தட்டினால் திறந்துகொண்டு வானம் தெரியுமாம். (மந்தைவெளியில் வானம் தெரிந்து என்ன செய்யப் போகிறாள், வடாம் காயப் போடவா?)

நாங்கள் ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இருக்கிறோம். கீழே நானும் கணவரும் மாமியாரும். மாடியில் சுதாவும் கொழுந்தன் ரமேஷும். கார் நிறுத்தக் கூரை போட்ட இடம் ஒன்றுதான். அதில் எங்கள் பழைய கார் நின்றது. சுதாவின் கார் மதிலோரம் வேப்பமரத்தடியில் நின்றது. நின்ற மறுநாளே ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, மரத்துல ஒரே காக்காயா இருக்கு. எச்சம் பட்டா பெயின்ட் போயிடுமாம். உங்க வண்டி பழசுதானே, இடம் மாத்திக்கலாமா?"

அந்தப் 'பழசுதானே'யில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எச்சம் பட்டா பெயின்ட் போகுமா? யாரு சொன்னா உனக்கு? ஈரத்துணியால ஒரு துடை துடைச்சா முடிஞ்சுது. எங்க வண்டி பாக்காத எச்சமா?" என்றேன். (எங்கள் வண்டி பிறந்ததிலிருந்து கூரைக்கடியில் நிற்கிறது. எச்சம் எந்த நிறம் என்றுகூட அதற்குத் தெரியாது. வாதம் என்று வந்துவிட்டால் அதையெல்லாம் பார்க்க முடியுமா?)

விஷயம் மாமியாரிடம் போனது. "உங்க மாமா திதி வருதில்ல, அன்னிக்கு எல்லாரும் வீட்ல இருப்பீங்க. பேசி முடிவு பண்ணிக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

அவளுக்கு என்னைவிட முடி நீளம். சம்பளம் அதிகம். அவள் போடும் ரசம்கூட நன்றாக இருக்கும் என்று என் கணவரே சொல்வார். சுதாவிடம் இல்லாமல் என்னிடம் மட்டும் இருந்த ஒரே பொருள் அந்தக் கூரைதான். அதையும் தூக்கிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் திதியன்று எல்லார் கண்முன்னாலும் நிரூபித்துவிடுவது என்று முடிவு செய்தேன். அவள் காரில் எச்சம் விழ வேண்டும். விழுந்த சூட்டோடு நான் துடைக்க வேண்டும். பெயின்ட் அப்படியே இருக்க வேண்டும். அவ்வளவுதான், கூரை எனக்கு.

திதி அக்னி நட்சத்திரத்தில் வந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் குளத்தங்கரைக்குப் போய்க் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். இனி காக்காய்க்குச் சோறு வைத்து, அது வாய் வைத்த பிறகுதான் நாங்கள் சாப்பிடலாம். வழக்கமாக மொட்டைமாடியில் வைப்போம்.

"பக்கத்துல டவர் வந்ததுலேர்ந்து மாடிக்குக் காக்கா வர்றதில்ல அத்தை. மதில்மேல வைக்கிறேன்" என்று இலையைத் தூக்கிக்கொண்டு போனேன். சோறு, பருப்பு, பாயசம், வடை. சுதாவின் காரை ஒட்டினாற்போல், முன்பக்கத்துக்கு நேராகப் பார்த்து வைத்தேன்.

வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் தாஸுக்கே பொறுக்கவில்லை. "இன்னாக்கா, அங்க வெக்கிற? கீழ புது வண்டி கீது."

"நீ சட்டையைப் பாத்து தேய்" என்றேன்.

காக்காய்கள் வந்தன. வடையில் ஆரம்பித்தன. எல்லாரும் பசியோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் இடுப்பில் ஈரத்துணியைச் செருகிக்கொண்டு நின்றேன். தின்று முடித்த ஒரு காக்காய் காருக்கு மேலே இருந்த கிளையில் ஏறி, திரும்பி உட்கார்ந்து, போட்டது. பானெட்டின் நட்டநடுவில், ஊத்தப்பம் அளவுக்கு. என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"சுதா, இப்பப் பாரு" என்று துணியோடு குனிந்தேன்.

"தொடாதே" என்றார் மாமியார்.

திரும்பிப் பார்த்தால் கைகூப்பி நிற்கிறார். கண்ணில் தண்ணீர். "வடைன்னா அவருக்கு உயிரு. சாப்ட்ட கையோட மருமக வண்டிய ஆசீர்வாதம் பண்ணிட்டார். சாயங்காலம் விளக்கு வைக்கிற வரைக்கும் யாரும் அதுல கைவைக்கக் கூடாது."

ரமேஷ் மூக்கை உறிஞ்சினான். சுதா எச்சத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். என் கணவர், என் சொந்தக் கணவர், "அப்பா" என்று தழுதழுத்தார். எனக்கு வயிறு திகுதிகுவென்று எரிந்தது. உளுந்து ஊறப்போட்டவள் நான், அரைத்தவள் நான், வருஷாவருஷம் அவருக்கு வடை சுடுகிறவள் நான். ஆசீர்வாதம் அவள் காருக்கு.

உச்சி சாய்ந்ததும் மரநிழல் நகர்ந்துவிட்டது. வெயிலில் எச்சம் அப்பளமாகக் காய்ந்தது. விளக்கு வைத்த பிறகு துடைத்தபோது அழுக்கு போய்விட்டது, அதன் அச்சு போகவில்லை. பளபளப்புச் செத்து, சுருக்கம் விழுந்த மாதிரி ஒரு வட்டம்.

ரமேஷ் போனைப் பார்த்துச் சொன்னான். "எச்சத்துல ஆசிட் இருக்காம் அண்ணி. உடனே துடைச்சா ஒண்ணும் ஆகாதாம். வெயில்ல காய விட்டா அரிச்சிடுமாம்."

"அதைத்தானே நானும் சொன்னேன், துடைச்சா போயிடும்னு" என்று கத்தினேன். யார் காதில் விழுந்தது?

"சுதா சொன்னது சரியாப் போச்சு" என்றார் மாமியார். "அவர் ஆசீர்வாதம் பண்ண வண்டி வெயில்ல நிக்கலாமா? உள்ள விடுங்க." அவர் சொல்லி முடிப்பதற்குள் என் கணவர் எங்கள் காரை வெளியே எடுத்துவிட்டார். பாலிஷ் போட்டால் அந்த வட்டம் போய்விடும் என்றார்கள். "வேணாம், மாமா ஞாபகமா இருக்கட்டும்" என்றுவிட்டாள் சுதா. வெள்ளிக்கிழமைதோறும் அதற்குக் குங்குமம் வைக்கிறாள்.

அன்றிலிருந்து எங்கள் கார் வேப்பமரத்தடியில் நிற்கிறது. பூ விழுகிறது, பழம் விழுகிறது, எச்சம் மட்டும் ஒரு துளி விழுந்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இப்போதெல்லாம் திதிக்கு இலையை எங்கள் காருக்கு நேராகத்தான் வைக்கிறேன், இரண்டு வடை கூடுதலாக. போன வருஷம் ஒரு காக்காய் வடையோடு நேராக எங்கள் கார்மேலேயே வந்து உட்கார்ந்தது. மூச்சுவிடாமல் நின்றேன். நிதானமாகத் தின்றது. அலகை வைப்பரில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்தது. பறந்துவிட்டது.

மாடியிலிருந்து ரமேஷ் எட்டிப் பார்த்தான். "அண்ணி, அப்பா கை தொடைச்சிட்டுப் போயிட்டார் போல."

இப்போது எங்கள் வீட்டில் யாராவது கை கழுவிவிட்டுத் துண்டு கேட்டால், சுதா முதற்கொண்டு எல்லாரும் வாசலில் நிற்கிற என் காரைத்தான் காட்டுகிறார்கள்.