பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்

"பத்துக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல இந்தப் பதினொண்ணு எதுக்கு வந்துச்சு? அதைச் சொல்லு முதல்ல" என்றார் எடையளவு ஆய்வாளர். கேமராக் கடையின் கண்ணாடி மேஜையில் அவர் உள்ளங்கை விழுந்த வேகத்தில் லென்ஸ் மூடி ஒன்று உருண்டு தரைக்குப் போயிற்று.

விற்பனையாளன் நிதானமாகக் குனிந்து அதை எடுத்தான். "புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு சார்."

"அப்ப பத்து யாருக்கு?"

"அதுவும் ஆரம்பிக்கிறவங்களுக்குத்தான் சார்."

"பன்னெண்டு?"

"ஆரம்பிச்சு, கொஞ்சம் மேல போக நினைக்கிறவங்களுக்கு."

ஆய்வாளருக்குக் காதோரம் சூடேறியது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று எண் வைத்த மூன்றும் ஒரே கம்பெனியின் கேமராக்கள். ஒரே கறுப்பு, ஏறக்குறைய ஒரே எடை. பத்தில் கண்ணை வைத்துப் பார்க்கச் சின்ன ஜன்னல் உண்டு. புதிதாக வந்த பதினொன்றில் அது இல்லை. பதினொன்று ஆளின் கண்ணைக் கண்டுபிடித்துக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். போன வருஷத்துப் பன்னிரண்டுக்கு அது வராது. பன்னிரண்டு கை நடுக்கத்தைத் தாங்கும். மற்ற இரண்டும் தாங்காது. ஒரு முழு கேமராவை மூன்றாக அறுத்து மூன்று பெட்டியில் போட்டு விற்கிறான் பாவி என்பது ஆய்வாளரின் முடிவு. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

அவர் சாதாரண ஆள் அல்ல. தராசுகளைச் சோதித்து முத்திரை போடும் அதிகாரி. தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தம், உள்ளே குடைந்த எடைக்கல், அடி தூக்கிய அளவுப் படி எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. அவர் தெருவில் நுழைந்தால் கடைக்காரர்கள் வாடிக்கையாளரை விட்டுவிட்டுத் தராசைத்தான் துடைப்பார்கள். அப்பேர்ப்பட்டவர் ஒரு மாதமாக, அலுவலகம் முடிந்ததும் நேரே இந்தக் கடைக்கு வந்து, ஒரு கேமரா வாங்க முடியாமல் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மகளுக்குப் பேட்மின்டன் இறுதிப் போட்டி. போன தடவை செல்போனில் எடுத்த படத்தில் மட்டை புகையாக இருந்தது, மகளும் புகையாக இருந்தாள். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படம் ஒவ்வொன்றும் மனைவியின் அண்ணன் எடுத்தது. மச்சான் எடுக்கும் படத்தில் எல்லோரும் அழகாக இருப்பார்கள்; ஆய்வாளர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் பாதித் தோளோடு படம் முடிந்துபோகும். தற்செயல் என்று மனைவி சொல்வாள். எத்தனை வருஷத்துக்கு ஒரு மனிதன் தற்செயலாகவே கண்ணை மூடுவான்? தன் மகளைத் தான் எடுத்த ஒரே ஒரு படம் அந்தச் சுவரில் தொங்க வேண்டும். அதற்காக மனசு அடித்துக்கொண்டது.

"சரி. பதினொண்ணே குடு" என்றார் பல்லைக் கடித்தபடி.

"நல்ல முடிவு சார்" என்றான் விற்பனையாளன். பெட்டியைப் பாதி எடுத்தவன் நிறுத்தினான். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். உள்ளரங்கத்துல ஓடி ஆடற விளையாட்டு, லைட்டும் கம்மி. கை நடுங்கினா படம் போச்சு. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

அவ்வளவுதான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. நடுக்கத்தைத் தாங்காத கேமராவை எந்த யோக்கியன் செய்வான் என்று ஆய்வாளர் கடை அதிரக் கேட்டார். "வீட்டுல குழந்தையை எடுக்கறவனுக்கு இது போதும், நான் இல்லேங்கல. கண்ணைப் பிடிச்சா விடாது. பையில போட்டா கனம் தெரியாது. அதுக்கு மேல இதுகிட்ட என்னய்யா இருக்கு?"

பக்கத்தில் கர்ப்பிணி மனைவியோடு முழித்துக்கொண்டிருந்த இளைஞன், அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில், "எங்களுக்குப் பதினொண்ணு ஒண்ணு போடுங்க" என்றான்.

ஆய்வாளர் பன்னிரண்டுக்குத் தாவினார். விற்பனையாளன் அதையும் பாராட்டினான். பிறகு, ஓடுகிற ஆளின் முகத்தை அது கோட்டைவிட்டுவிடும் என்றும், அடுத்த மாதமே பதிமூன்று வரப்போவதாகப் பேச்சு என்றும் மெல்லச் சொன்னான். ஆய்வாளருக்கு ரத்தம் தலைக்கேறியது. பன்னிரண்டை வாங்குகிறவன் அசையாத மலையையும் மரத்தையும்தான் எடுக்க வேண்டும், நடந்து போய்க்கொண்டே கையில் பிடித்து எடுக்க அதைவிட நல்லது கிடையாது, ஆனால் ஆடுகிற பெண்ணை அது எடுக்குமா என்று கத்தினார். மலையேறும் வழக்கமுள்ள பெரியவர் ஒருவர் அதைப் பயபக்தியோடு கேட்டு முடித்துப் பன்னிரண்டை வாங்கினார்.

பத்து என்ன பாவம் செய்தது என்று அதற்கு வந்தார். அதன் ஃபோகஸ் ஆமை என்று விற்பனையாளன் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டான். ஆமையை ஸ்டாண்டில் கட்டிவைத்துத் துணியையும் செருப்பையும் படம் எடுக்கலாம், அதற்குத்தான் லாயக்கு என்று ஆய்வாளர் சீறினார். இணையத்தில் செருப்பு விற்கும் ஒரு பெண் உடனே இரண்டு கேட்டாள். சிரித்துக்கொண்டே விற்கிறவனை நம்பாத ஜனங்கள், நின்று திட்டுகிறவனை எவ்வளவு சுலபமாக நம்புகிறார்கள் என்பதை யோசிக்கும் நிலையில் ஆய்வாளர் இல்லை. ஊரில் இருக்கிற முட்டாளெல்லாம் நொடியில் வாங்கிப் போகிறான், விவரம் தெரிந்த நான் மட்டும் வெறுங்கையோடு நிற்கிறேனே என்று தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது.

செல்போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, வாங்கியாச்சா?"

"பாத்துட்டிருக்கேன்."

"ஒரு மாசமா பாக்கறீங்க. போதும், விடுங்க. அண்ணனை வரச் சொல்லிட்டேன். பெரிய லென்ஸோட வரேன்னார்."

அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது. "மாமா வேணாம்மா. அப்பாவே எடுக்கட்டும். புகையா இருந்தாலும் பரவால்ல."

ஆய்வாளர் போனைச் சட்டைப் பையில் போட்டார். ஆடப்போகிற பெண்ணே சொல்லிவிட்டாள். இனி நடுக்கமாவது, ஜன்னலாவது. விற்பனையாளன் செருப்புக்காரப் பெண்ணுக்குப் பை எடுக்கத் திரும்பியிருந்தான். அலமாரியில் பதினொன்று ஒன்றுதான் மிச்சம். மேஜையைச் சுற்றி உள்ளே புகுந்து, தன் கையாலேயே அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு பில் போடும் இடத்துக்கு விறுவிறுவென்று நடந்தார்.

"சார், ஒரு நிமிஷம். ஒண்ணே ஒண்ணு மட்டும்..." என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவர் திரும்பவில்லை. கண்ணாடி அறைக்குள்ளிருந்து முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடி வந்தார்.

பில் போடும் பெண் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பெட்டியைக் கையில் வாங்கினாள். அவரைப் பார்த்தாள், பிறகு ஓடி வரும் முதலாளியைப் பார்த்தாள்.

"தராசு ஆபீஸ் சார்ங்கறது நீங்கதானா?"

தன் பெயரைக் கேட்டாலே கடைக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும் என்பது ஆய்வாளருக்குத் தெரிந்ததுதான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "ஆமா. நான்தான். அதுக்கென்ன இப்போ? சீக்கிரம் பில்லைப் போடு."

அந்தப் பெண் தயங்கித் தயங்கிப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு மட்டும் எதையும் வித்துடாதேன்னு முதலாளி காலையிலயே சொல்லிட்டார் சார், நீங்க வாங்கிட்டுப் போயிட்டா, அப்புறம் இங்க கேமரா விக்கறது யாருன்னு கேக்கறார்."