ஜானவாசத்துக்கு ஒரு சின்ன வீல்

நெல்லையப்பன் ஸ்டியரிங்கை நேராகத்தான் பிடித்திருந்தான். கார் அதைச் சட்டை செய்யாமல் இடதுபக்கம் போய், பந்தல்காலில் கட்டியிருந்த வாழைமரத்தை முட்டிக்கொண்டு நின்றது.

"ஆரியசாலையிலே லாரி ஓட்டறவன்னுதானேடாப்பா உன்னைக் கூட்டிண்டு வந்தேன்?" என்றார் பெண்ணின் அப்பா ராமசுப்ரமணியன். வாழைத்தார் அவர் காலடியில் கிடந்தது.

"நான் எங்கய்யா ஓட்டுனேன்? அதுவால்லா போகுது" என்றான் நெல்லையப்பன்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு, வைகாசி. கரமனை அக்கிரகாரத்தில் அன்று சாயங்காலம் கல்யாணப்பெண் விஜயத்தின் ஜானவாசம். மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்காரவைத்து, நாயனத்தோடு தெருவைச் சுற்றி அழைத்து வரவேண்டும். ஐந்தரைக்குக் கிளம்பவேண்டும், இன்னும் ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. மாப்பிள்ளை சத்திரத்தில் சரிகை வேஷ்டியோடு தயாராக உட்கார்ந்திருப்பதாகத் தகவல் வந்துவிட்டது.

காரின் சொந்தக்காரர் சேஷன் எதிர்வீட்டு வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். சர்க்காரின் ஹஜூர் கச்சேரியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து பென்ஷனில் வந்தவர்.

காலையில் பங்சராகிவிட்டது என்றார் அவர். பெரிய வீல் யோசுவாவின் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது, இப்போது மாட்டியிருப்பது பழைய ஸ்டெப்னி, மற்ற மூன்றையும்விட நாலு விரற்கடை சின்னது.

"அதை முன்னாடியே சொல்லப்படாதோ?"

"காரைத்தானே கேட்டேள். என்னை ஒண்ணும் கேக்கலையே."

ராமசுப்ரமணியன் குனிந்து வாழைத்தாரை எடுத்தார்.

விஷயம் இதுதான். சேஷனின் மனைவி லலிதாம்பாள் போய் நாலு வருஷம் ஆகிறது. அன்றுமுதல் அவர் தெருவுக்கு ஒற்றைப் பிராமணன். யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது இவர் எதிரே வந்துவிட்டால், உள்ளே திரும்பிப் போய், ஒரு நிமிஷம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார்கள். எல்லோரும் நல்ல மனிதர்கள்தான். ஒருவரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசமாட்டார்கள், தண்ணீர் மட்டும் குடிப்பார்கள். இவர் பால் வாங்கப் போனாலே தெருவில் பாதிக்குத் தாகம் எடுத்தது. அதனால் ஜன்னலில் எட்டிப் பார்த்து, யாரும் கிளம்பவில்லை என்று நிச்சயமான பிறகே வெளியே வரப் பழகிக்கொண்டார்.

பிறகு, சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து இந்தக் காரை வாங்கினார். காருக்குள் இருந்தால் சகுனம் தட்டாது என்று நினைத்தாரோ என்னவோ. மலையடிவாரத்துக் கல்லாற்றுப் பாதை குண்டும் குழியுமாக இருக்கிறதே என்று நாலு பெரிய வீல் வாங்கி மாட்டினார். ஐந்தாவது கிடைக்கவில்லை, ஸ்டெப்னி பழையதாகவே நின்றுவிட்டது. கல்லாற்றுக்குப் போகலாம் வாருங்கள் என்று தெருவில் எல்லோரையும் கூப்பிட்டார். ஒருவருக்கு ஜுரம், ஒருவருக்குத் திவசம், ஒருவருக்குக் கார் என்றாலே மயக்கம். நாலு பேருக்குப் புளியோதரை கிளறி எடுத்துக்கொண்டு தனியாகப் போய், ஆற்றைப் பார்த்துக்கொண்டே ஒரு பங்கைச் சாப்பிட்டுவிட்டு, மூன்று பங்கோடு திரும்பி வந்தார்.

விஜயம் விஷயம் வேறு. லலிதாம்பாளுக்குக் குழந்தை கிடையாது. எதிர்வீட்டு விஜயத்துக்குத் தினமும் தலை பின்னிவிட்டவள் அவள்தான். "உன் ஆம்படையானை நாங்கதாண்டி அழைச்சுண்டு வருவோம்" என்று எத்தனையோ தரம் சொன்னவளும் அவள்தான். ஜானவாசத்துக்குக் கார் வேண்டுமென்று ராமசுப்ரமணியன் வந்து கேட்டபோது சேஷனுக்குத் தலைகால் புரியவில்லை. மயில்கண் வேஷ்டியைத் தேடி எடுத்து வைத்தார். அன்று மாலையே ராமசுப்ரமணியனின் மனைவி நாகலக்ஷ்மி வந்து, ஓட்டுவதற்கு ஆள் ஏற்பாடு செய்தாகிவிட்டது, மாமா சிரமப்படவேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள். வேஷ்டி மறுபடி பெட்டிக்குள் போயிற்று.

அந்த ஏற்பாடுதான் இப்போது வாழைமரத்தடியில் வியர்த்துக்கொண்டிருந்தது.

சின்ன வீலை முன்னாலிருந்து கழற்றிப் பின்னால் மாட்டினால் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்கும் என்றான் நெல்லையப்பன். மாட்டினார்கள். ஸ்டியரிங் கேட்டது, சீட் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்குப் பதிலாக ஏற்றி உட்காரவைத்த கல்யாண வாத்தியார், கார் நகர்ந்ததும் வழுக்கிக்கொண்டு போய் இடதுபக்கக் கதவோடு அப்பிக்கொண்டார்.

"மாப்பிள்ளை கீழே விழுந்தா என்ன பிராயச்சித்தம்னு இனிமேதான் பார்க்கணும்" என்று முனகிக்கொண்டே இறங்கினார்.

சரி, வலதுபக்கம் பாரம் ஏற்றினால் சமனாகிவிடும் என்று, கரண்டியும் கையுமாக இருந்த சமையல்காரரை அழைத்து வந்து ஏற்றினார்கள். சமனாகத்தான் ஆயிற்று. ஆனால் அவர் கனத்தில் வலதுபக்கம் அழுந்தி, பெரிய வீல் மட்கார்டில் உரசிப் புகைந்தது. அதற்குள் அடுப்பில் இருந்த பாயசமும் அடிப்பிடித்துவிட்டது.

மறுபடி சின்ன வீலை முன்னாலேயே மாட்டி, வலதுபக்கம் கயிறு கட்டி நாலு பேர் இழுத்தார்கள். கயிறு அறுந்தது. கார் இந்தத் தடவை நாதஸ்வரக்காரரைத் தேடிப் போயிற்று. அவர் நாயனத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குள் ஓடிவிட்டார்.

நெல்லையப்பன் இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டான். லாரி என்றால் ஓட்டுவேன், இந்த வில்லங்கத்தை ஓட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

வேறு கார் கிடையாது. ஊரிலிருந்த வாடகைக் கார்கள் எல்லாம் அன்றைய முகூர்த்தங்களுக்குப் போய்விட்டன. யோசுவாவிடம் ஆள் அனுப்பட்டுமா என்று ராமசுப்ரமணியன் கேட்டதற்கு, ஆறரைக்கு முன்னால் அவன் தரமாட்டான் என்றார் சேஷன். நாகலக்ஷ்மிக்கு அழுகை வந்துவிட்டது.

"இந்தக் கார் ஆருக்குத்தான் அடங்கும்?" என்றாள்.

"எனக்கு அடங்கும்" என்றார் சேஷன்.

ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கை வலதுபக்கம் கால்வாசி திருப்பி, முழங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கார் தெருக்கோடி வரை நூல் பிடித்தாற்போல் போய்த் திரும்பி வந்தது. மத்தியானம் கரமனை ஆற்றங்கரையில் இவர் தனியாகச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக வாத்தியார் சொன்னார். தனி மனிதருக்குப் பொழுது போகவேண்டாமா என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனாலும் ஒருவரும் சரி என்று சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கு முன்னால் ஒற்றைப் பிராமணன் உட்காருவதாவது? நாகலக்ஷ்மி புருஷனைப் பார்த்தாள், அவர் வாத்தியாரைப் பார்த்தார். சேஷன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

நிலைப்படிக்கு உள்ளேயிருந்து விஜயத்தின் குரல் வந்தது.

"மாமாவே ஓட்டட்டும்மா. மாமி எங்கிட்ட சொல்லியிருக்கா."

வாத்தியார் கனைத்துக்கொண்டார். "பக்கத்திலே நான் ஏறி உக்காந்துக்கறேன். ரெண்டு பேரானா ஒத்தை இல்லையாக்கும்" என்றார். சாஸ்திரம் அவ்வளவு சுளுவாகத் தீர்ந்தது.

சேஷன் வீட்டுக்குள் ஓடிப்போய் மயில்கண் வேஷ்டியைக் கட்டிக்கொண்டு வந்தார்.

கார் இடதுபக்கம் சாய்ந்துதான் போயிற்று. அந்தப் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்கள். மாப்பிள்ளை கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். யாரோ சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்கள். நாலு வருஷத்துக்குப் பிறகு சேஷன் ஒரு கல்யாணச் சந்தனத்தைத் தொட்டுப் பூசிக்கொண்டார். "சேஷன், மெதுவா", "சேஷன், இந்தப் பக்கம்" என்று தெரு முழுக்க அவர் பேர்தான். வாசலுக்கு வாசல் பெண்கள் நின்று பார்த்தார்கள். ஒருவரும் தண்ணீர் குடிக்க உள்ளே போகவில்லை. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. பன்னீர் தெறித்துவிட்டது என்று வாத்தியாரிடம் சொன்னார்.

ஒரு சுற்று என்று பேசியிருந்தது, மூன்று சுற்றாயிற்று.

பந்தல் வாசலில் கார் நின்றதும் ராமசுப்ரமணியன் சேஷனின் கையைப் பிடித்துக்கொண்டார். நாளைக்கு முதல் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்காரவேண்டும் என்றார். நாகலக்ஷ்மி தன் கையாலேயே பானகம் கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்த நேரத்துக்கு யோசுவா, கடையை அடைத்துவிட்டு, பெரிய வீலை ஒரு கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"பங்சர் ஒட்டியாச்சாடாப்பா? அதனாலே இன்னிக்கு நாங்க பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை" என்றார் ராமசுப்ரமணியன்.

சேஷன் பானகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலையைத் தாழ்த்தினார்.

"பங்சரா? இந்த வீலுக்கு ஒரு கேடும் இல்லியே சாமி" என்றான் யோசுவா. "'இதைக் கழத்தி வச்சுட்டு அந்தக் குட்டி வீலை மாட்டு, என்னைத் தவிர ஆரு ஓட்டினாலும் ஓடப்படாது'ன்னு காலையில வந்து நின்னது சேஷன் சார் அல்லவா?"