அஞ்சு வாட்டுதானே

கருகிய ஒயர் நுனியைச் சீவி, முறுக்கி, இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்றுச் சுற்றுகின்றன இரண்டு கைகள். கைகளுக்கு அவசரம். தலைக்கு மேல் குனிந்து நிற்பவருக்கு அவசரமே இல்லை. அவரைப் பாருங்கள், வாசகரே. மின்சாரத்தை மிச்சம் பிடித்தே செலவழிக்கும் இனம் அது.

மந்தைவெளியில் அந்த இனத்தின் பெயர் நந்தகுமார். கைகள் தெருமுனை எலக்ட்ரிகல் கடை அப்துல் சமத்துடையவை. அவர் மடியில் இருப்பது, நந்தகுமாரின் பக்கத்து வீட்டு ஏஞ்சலுடைய காகித நட்சத்திரம். துக்க வீட்டில் நட்சத்திரம் கட்ட மாட்டார்கள். கட்டாத வீட்டில் கிறிஸ்துமஸ் கேரல் குழு நின்று பாடாது. போன வருடம் ஏஞ்சலின் அம்மா இறந்ததால் கட்டவில்லை. இந்த வருடமும் இருண்டு கிடந்தால் தாண்டிப் போய்விடுவார்கள். ஆறு மணிக்கு வருகிறார்கள். இப்போது ஐந்தே கால்.

நந்தகுமாரோ இன்னும் 1882-ஐ விட்டு நகரவில்லை. மரத்தில் மெழுகுவத்தி ஏற்றி வீட்டையே கொளுத்திக்கொண்ட காலம், நியூயார்க்கில் ஒருவர் எண்பது பல்புகளைக் கோத்து மரத்தில் சுற்றிய கதை எல்லாம் சொல்லி, பழைய நூறு பல்புச் சரத்துக்கு நாற்பது வாட், எல்.இ.டி. சரத்துக்கு ஐந்தே வாட் என்று முடித்தார். எவ்வளவு மிச்சம்! மிச்சத்தைச் சும்மா விடலாமா? ஒரு சரம் கட்டிய பால்கனியில் இப்போது பன்னிரண்டு. பத்து நாள் எரிந்தது, விநாயகர் சதுர்த்தியில் தொடங்கிப் பொங்கல் வரை எரிகிறது, நல்ல வெயிலிலும். கேட்டால், அஞ்சு வாட்டுதானே என்பார். பன்னிரண்டு ஐந்து அறுபது என்ற வாய்ப்பாடு மட்டும் அவருக்கு ஞாபகம் வராது.

ஏஞ்சலின் நட்சத்திரத்தில் நாற்பது வாட் குண்டு பல்பைக் கண்டதும் அவர் மனம் பொறுக்கவில்லை. நேற்று ஹோல்டரை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே ஒரு சரத்தைத் திணித்து, ஒயரைக் கையாலேயே முறுக்கித் தன் பன்னிரண்டின் வாலில் பதின்மூன்றாவதாக மாட்டினார். டப்.

"லோடு கம்மிதானே பாய், எப்படிப் போச்சு?"

"லோடு கம்மின்னு கோத்துக்கினே போனா ஜாயிண்டு இன்னா சார் பண்ணும்?"

கைகள் திணித்த சரத்தை உருவின. புது ஹோல்டரில் ஒரே ஒரு எல்.இ.டி. பல்பைத் திருகின. நட்சத்திரம் சிவப்பாக எரிந்தது.

எத்தனை வாட் என்று நந்தகுமார் கேட்டார். ஐந்து என்றார் சமத். உடனே கணக்கு ஓடியது. அருகில் காத்து நின்ற ஏஞ்சலிடம் திரும்பினார்.

"முப்பத்தஞ்சு மிச்சம். இன்னும் ஏழு நட்சத்திரம் கட்டலாமே ஏஞ்சல்?"

"ஒண்ணு போதும் சார். பாட வர்றவங்க எண்ணிப் பாக்க மாட்டாங்க."

சிரிக்கிறீர்கள், வாசகரே. தீபாவளிக்குக் கட்டிய சரம் உங்கள் ஜன்னலில் இன்னும் மினுக்கிக்கொண்டிருக்கிறதே, அதை யார் அணைப்பது?

சமத் ஒயரைச் சுருட்டி நட்சத்திரத்தை நீட்டினார். பாட்டு முடிந்ததும் மறக்காமல் அணைத்துவிடச் சொன்னார். ஏஞ்சல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"ஒரு வருசம் இருட்டா கெடந்த வீடு பாய். எரிஞ்சிக்கினே கெடக்கட்டும். அஞ்சு வாட்டுதானே."